ஆனதோத்துக் காணி: எரேமியா காலத்து யூதாவில் இறைநம்பிக்கை

கடவுளை நம்பினோர் பேறுபெற்றோர் என்னும் கருத்து விவிலியத்திலே சங்கீதங்களிலும் நீதிமொழிகளிலும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றது. இவ்விடங்களையெல்லாம் ஒன்றுதிரட்டி, காலவேறுபாடு கருதாது, ஒரே கோட்பாடாக எடுத்துரைப்பது பிரசங்கத்திற்குப் பொருந்தலாம். வரலாற்று நோக்கிற்கு அது போதாது. ஏனெனில் ஒரே எபிரேயச் சொல், ஒரே நகரத்தில், ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள், ஒன்றுக்கொன்று முரணான இரு மனநிலைகளைக் குறிக்கலாயிற்று. அம்முரண்பாடு ஏட்டளவில் நிற்கவில்லை. அதன் பொருட்டு ஒரு தீர்க்கதரிசி வாளால் வெட்டுண்டார். இன்னொருவர் சேற்றுக்குழியில் இறக்கப்பட்டார். கி.மு. 701 ஆம் ஆண்டு முற்றுகைக்கும் யூதா அரசின் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட காலத்தில் இறைநம்பிக்கையால் வரும் ஆசீர்வாதம் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதையும், எரேமியா தீர்க்கதரிசி வாங்கிய ஒரு துண்டுக் காணி அவ்விளக்கத்தை எவ்விதம் மாற்றியது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதலிற் சொற்களைக் கவனிப்போம். தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரு சொல்லே இரு பொருள்களுக்கு வழங்குகின்றது. ஒருவரைச் சார்ந்து நிற்பதும் நம்பிக்கை. வரவிருக்கும் நன்மையை எதிர்நோக்கியிருப்பதும் நம்பிக்கை. எபிரேயத்தில் இவற்றுக்கு வேர்கள் வேறு. சார்ந்து நிற்றலைக் குறிப்பது ‘பாத்தஹ்’ என்னும் வினை. பயமின்றிப் பாதுகாப்பாயிருத்தல் என்பதும் அதன் பொருள். சில இடங்களில் வருவதறியாது அசட்டையாயிருத்தல் என்ற குறைப்பொருளும் அதற்குண்டு. எதிர்நோக்கியிருத்தலைக் குறிப்பது ‘காவா’. அதன் வழிவந்த ‘திக்வா’ என்னும் பெயர்ச்சொல் கயிற்றையும் குறிக்கும். எரிகோ நகரில் ராகாப் தன் சாளரத்திற் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு யோசுவாவின் நூல் இச்சொல்லையே ஆள்கின்றது. மூன்றாவதாக, உறுதியாயிருத்தல் என்னும் பொருளுடைய ‘ஆமன்’ என்ற வேர் உண்டு. தமிழர் நன்கறிந்த ‘ஆமென்’ இதிலிருந்து பிறந்ததே. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய பேர்சிவல் பாதிரியார் உட்பட, மொழிபெயர்த்தோர் அனைவரும் இம்மூன்றையும் பிரித்துக்காட்டும் இடர்ப்பாட்டை எதிர்கொண்டிருத்தல் வேண்டும். பின்வரும் வரலாற்றில் இம்மூன்று சொற்களும் தனித்தனியே தலைகாட்டும்.

கி.மு. 701 இல் அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதாவின்மீது படையெடுத்தான். தன் வெற்றிகளைப் பொறித்து அவன் விட்டுச்சென்ற அறுபக்கக் களிமண் பட்டயங்கள் இன்றும் உள்ளன. அரணமைந்த 46 நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும், எசேக்கியா மன்னனை அவனது தலைநகரிலேயே கூண்டுப் பறவையாக்கியதாகவும் அவை பெருமை பேசுகின்றன. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், அழிவு மிகையன்று. லாகீஸ் நகரம் வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவர்களில் அவன் செதுக்குவித்தான். அச்சிற்பங்கள் இப்போது பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. எசேக்கியா 30 தாலந்து பொன் திறையளித்தான் என்பதில் அசீரியப் பட்டயமும் இராஜாக்களின் நூலும் ஒத்துப்போகின்றன. வெள்ளியின் அளவை ஒன்று 800 தாலந்து என்றும் மற்றது 300 என்றும் கூறுகின்றன. ஆயினும் எருசலேம் வீழவில்லை. திறை கிடைத்தமையால் அசீரியன் மீண்டானா, பாளையத்தில் நேர்ந்த பெருஞ்சாவினால் மீண்டானா என்ற விவாதத்திற்குள் நாம் புகவேண்டியதில்லை. நாடு பாழாயிருக்கத் தலைநகரம் மட்டும் தப்பியது என்ற செய்தியே அடுத்த நூற்றாண்டின் சிந்தனையை உருவாக்கியது.

இம்முற்றுகை பற்றிய விவிலிய வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. ‘பாத்தஹ்’ என்னும் சொல் அங்கு அடுத்தடுத்து வருகின்றது. ஆனால் அதனைப் பெரிதும் பேசுபவன் தீர்க்கதரிசியல்லன், பகைவனின் தூதன். ரப்சாக்கே எனப்படும் அவ்வதிகாரி, மதில்மேல் இருந்த மக்களுக்கு விளங்கும்படி அவர்களுடைய மொழியிலேயே பேசுகின்றான். அரமேயத்திற் பேசுமாறு அரச அலுவலர் வேண்டியும் அவன் இணங்கவில்லை. யூதர் எதனை நம்பியிருக்கின்றனர் என்பதே அவன் வினா. எகிப்தை நம்பினால் அது ஊன்றியவன் கையையே துளைக்கும் நாணல்; கடவுளை நம்பினால், பிற நாட்டுத் தெய்வங்கள் எவையேனும் அசீரியனிடமிருந்து தம் மக்களைக் காத்தனவா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அரசியற் பேச்சென்ற வகையில் அது மிகத் திறமையானது. பாதுகாப்பைத் தருவதே நம்பிக்கையின் பயன், அப்பயனைத் தராத தெய்வத்தை நம்புவது மூடம் என்பது அதன் அடிப்படை. எருசலேம் தப்பியபோது அவ்வாதம் தோற்றுவிட்டதென யூதர் மகிழ்ந்தனர். ஆனால் அதன் அடிப்படையை அவர்களிற் பலர் தம்மையறியாமலே ஏற்றுக்கொண்டனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது. எங்கள் கடவுள் காத்தார். ஆகையால் இனியும் காப்பார் என்பது ரப்சாக்கேயின் அளவுகோலைக் கொண்டே அவனை அளந்த முடிபாகும்.

ஏசாயா கேட்டது அதுவன்று. எகிப்துக்குத் தூதனுப்பிக் குதிரைகளையும் தேர்களையும் பெற முனைந்த அரசவையை அவர் கண்டித்தார். அமைதியாகக் கடவுளைச் சார்ந்திருக்கும்படி கேட்டார். எனினும் சீயோனில் இடப்படும் மூலைக்கல்லைப் பற்றி அவர் பேசுமிடத்தில், நீதியே அக்கட்டடத்தின் அளவுநூல் என்ற நிபந்தனையும் உடன்வருகின்றது. காலப்போக்கில் மூலைக்கல் நினைவில் நின்றது, அளவுநூல் மறந்துபோயிற்று. சீயோன் மலையின் அசையாமையைப் பாடும் சங்கீதங்களுட் சில இம்முற்றுகைக்கு முந்தியனவாக இருக்கலாம். ஆயினும் 701 க்குப் பின் ஆலயத்தில் அவற்றைப் பாடியோர் செவியில் அவை புதுப்பொருளோடு ஒலித்திருக்கும். ஆலயம் இருக்கின்றது, ஆகவே நகரம் இருக்கும் என்ற எண்ணம் பாமரர் மூடநம்பிக்கையாக அன்றி, வரலாற்றனுபவத்தின் ஆதாரமுடைய சமயக் கொள்கையாகவே வளர்ந்தது. அதனை எதிர்ப்பது எளிதன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கி.மு. 609 இல் யோசியா மன்னன் மெகிதோவில் எகிப்தியரால் கொல்லப்பட்டான். வழிபாட்டைச் சீர்திருத்தியவன், விவிலிய ஆசிரியர் பெரிதும் போற்றிய அரசன். அவனது மரணம் நம்பிக்கையின் பயன் பற்றிய கணக்கை முதன்முதலிற் குழப்பியது. அவன் மகன் யோயாக்கீம் அரசேறிய தொடக்கத்திலேயே எரேமியா ஆலய வாசலில் நின்று அந்தப் பேர்பெற்ற பிரசங்கத்தை நிகழ்த்தினார். மக்கள் பொய்ச் சொற்களை நம்பியிருக்கின்றனர் என்று அவர் கூறியபோது ஆண்ட வினை ‘பாத்தஹ்’ என்பதே. ஆலயத்தின் பெயரை மந்திரம்போல் மும்முறை உச்சரிக்கும் வழக்கத்தை அவர் எள்ளினார். அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்குவோருக்கு இக்கட்டடம் அரணாகாது என்றார். முன்னொருகால் சீலோவில் இருந்த வழிபாட்டிடத்திற்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். உடனே ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்து மரணதண்டனை கோரினர். ஒரு நூற்றாண்டுக்கு முன் மீகா இதனையே சொன்னார், எசேக்கியா அவரைக் கொல்லவில்லை என்று மூப்பர் சிலர் முன்னுதாரணம் காட்டியமையால் எரேமியா தப்பினார். அதே செய்தியைக் கூறிய உரியா என்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எகிப்துக்கு ஓடியவரைப் பிடித்துவரச் செய்து யோயாக்கீம் வாளால் கொன்றான்.

அடுத்து வந்த சோதனை பபிலோனியருடையது. கி.மு. 605 இல் கர்கேமிசில் எகிப்தியரை முறியடித்த நேபுகாத்நேச்சார், 597 மார்ச் 16 ஆம் நாள் எருசலேமைக் கைப்பற்றினான். இத்துணைத் திட்டமாக நாள் குறிக்க முடிவது 1956 இல் வெளியிடப்பட்ட பபிலோனிய நாளாகமப் பலகையினாலேயாகும். இளவரசனாயிருந்து மூன்று மாதமே ஆண்ட யோயாக்கீன் சிறையாகச் சென்றான். ஆலயப் பாத்திரங்களும் சென்றன. ஆனால் ஆலயம் எரிக்கப்படவில்லை. ஆகவே பழைய கொள்கை முற்றிலும் பொய்த்துவிட்டதாகவும் சொல்ல முடியவில்லை.

இச்சூழலிலேதான் சிதேக்கியா ஆட்சியின் நான்காம் ஆண்டில், கிபியோன் ஊரினராகிய அனனியா ஆலயத்தில் எரேமியாவை எதிர்கொண்டார். ஈராண்டுக்குள் பாத்திரங்களும் சிறைப்பட்டோரும் திரும்புவர் என்று கடவுளின் பெயரால் அவர் அறிவித்தார். எரேமியா அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கழுத்தில் அணிந்திருந்த மரநுகத்தைப் பிடுங்கி முறித்தார். பிற்காலத்தார் அனனியாவை வெறும் போலியென ஒதுக்கிவிடுவதுண்டு. அது நியாயமன்று. அவர் பேச்சு வடிவத்தில் ஏசாயாவின் பேச்சையே ஒத்தது. நம்பியிருங்கள், பகைவன் நுகம் முறியும் என்பதே அவர் செய்தி. எரேமியா அதனைக் கேட்டதும் முதலிற் சொன்ன சொல் ‘ஆமென்’ என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாறே ஆகுக என அவர் விரும்பினார். விருப்பம் வேறு, உறுதி வேறு என்பதையும் உடன் கூறினார். நுகம் முறிக்கப்பட்டபின் மறுமொழியின்றி அகன்றார். இரும்பு நுகம் பற்றிய பதில் பின்னரே வந்தது. உடனடியாகப் பதில் கிடைக்காத ஒரு தீர்க்கதரிசியை இங்கு காண்கிறோம். அனனியாவோ ஒருபோதும் பதிலுக்குக் காத்திருந்தவராகக் காட்டப்படவில்லை.

பபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டோருக்கு எரேமியா எழுதிய கடிதமும் இக்காலத்ததே. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், மணம் முடியுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அதன் சாரம். எழுபது ஆண்டு செல்லும் என்றும் அது கூறிற்று. எழுபது ஆண்டு என்றால் கடிதத்தைக் கையில் வாங்கிய வளர்ந்தோர் எவரும் திரும்பமாட்டார் என்பதே பொருள். அக்கடிதத்திலேதான் எதிர்காலத்தையும் ‘திக்வா’வையும் தருவதாகக் கடவுள் வாக்களிக்கின்றார். கயிற்றின் மறுமுனை பேரப்பிள்ளைகளின் கையில் இருந்தது.

இவ்வாறாயின் நம்பினோருக்குரிய ஆசீர்வாதம் யாது? எரேமியா நூலின் 17 ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு சிறு பாடல் இதற்கு விடைதருகின்றது. மனிதபலத்தைச் சார்ந்தவனை உவர்நிலத்துப் பற்றைக்கும், கடவுளைச் சார்ந்தவனை நீரோடையருகே நாட்டிய மரத்திற்கும் அது ஒப்பிடுகின்றது. இருவகை மனிதரை இருவகை மரமாகக் காட்டும் உவமை எகிப்திய ஞானநூலாகிய அமெனெமோப்பேயின் போதனையிலும் உண்டு. நல்லவனை மரமாகக் காட்டும் உவமை முதலாம் சங்கீதத்திலும் உண்டு. ஆனால் அவ்விரண்டிலும் காணாத ஒன்று எரேமியாவின் பாடலிற் காணப்படுகின்றது. அங்கே மழையற்ற ஆண்டு வருகின்றது, வெப்பம் வருகின்றது. ஆசீர்வதிக்கப்பட்ட மரத்திற்கும் அவை வருகின்றன. இவ்விடத்தில் எபிரேயப் பிரதியிலே ஒரு பாடபேதம் உளது. மூலத்தில் எழுதப்பட்ட சொல்லை, வெப்பம் வருகையில் மரம் அஞ்சாது என்று கொள்ளலாம்; ஓரத்திற் குறிக்கப்பட்ட வாசிப்போ மரம் அதனைக் காணாது என்கின்றது. வேறுபாடு ஓர் எழுத்தே. கிரேக்க மொழிபெயர்ப்பு முன்னதையும் பழைய தமிழ் மொழிபெயர்ப்புப் பின்னதையும் தழுவின. வெப்பத்தைக் காணாத மரமும் வெப்பத்தைக் கண்டு அஞ்சாத மரமும் ஒன்றல்ல. எருசலேமில் எதிரெதிர் நின்ற இரு நம்பிக்கைகளுக்கும் இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ இந்த ஓரெழுத்துத் தூரமே. அனனியாவின் மரம் வெப்பத்தைக் காணவில்லை.

எரேமியாவை அமைதி குலையாத ஞானியாகவும் எண்ணிவிடலாகாது. இதே நூலின் 15 ஆம் அதிகாரத்தில், கடவுளே தமக்கு நீர் வற்றி ஏமாற்றும் ஓடைபோல் ஆகிவிடுவாரோ என்று அவர் முறையிடுகின்றார். நீரோடை மரத்தின் பாடலும் வற்றிய ஓடையின் முறையீடும் ஒரே மனிதரின் பெயரால் ஒரே நூலில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. தொகுத்தோர் எதனையும் நீக்கவில்லை.

கி.மு. 588 அளவில் நேபுகாத்நேச்சாரின் படை மீண்டும் எருசலேமைச் சூழ்ந்தது. அரணமைந்த நகரங்களுள் லாகீசும் அசெக்காவும் மட்டுமே எஞ்சியிருந்தன என எரேமியா நூல் கூறும் ஒரு கட்டம் உண்டு. 1935 இலும் 1938 இலும் லாகீசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மட்கல ஓடுகளில் மையால் எழுதிய 21 எழுத்தாவணங்கள் இக்காலத்தைச் சார்ந்தவை. அவற்றுள் ஒன்றில், லாகீசின் தீச்சமிக்ஞையைக் கவனித்துக்கொண்டிருப்பதாகவும் அசெக்காவைக் காணமுடியவில்லை என்றும் ஒரு காவலதிகாரி தன் தலைவனுக்கு எழுதுகின்றான். இருநூல்களும் ஒரே கணத்தைக் குறிக்கின்றன என்று அடித்துச் சொல்லலாகாதெனினும், ஒரே இருள் இரண்டிலும் தெரிகின்றது.

முற்றுகையின் நெருக்கடியில் எருசலேமின் செல்வர் தம் எபிரேய அடிமைகளை விடுதலை செய்து உடன்படிக்கை பண்ணினர். எகிப்தியப் படை வருகின்றதெனக் கேட்டுப் பபிலோனியர் சிறிதுகாலம் விலகியதும் அதே அடிமைகளை மீளப் பிடித்துக்கொண்டனர். நகரத்தில் வழங்கிய இறைநம்பிக்கையின் தரத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. அந்த இடைவேளையில் எரேமியா பென்யமீன் நாட்டிலுள்ள தமது பங்கின் பொருட்டு நகரைவிட்டுப் புறப்பட்டார். வாசலிலேயே, பகைவரிடம் ஓடுகின்றார் என்ற குற்றச்சாட்டில் பிடிபட்டு, அடியுண்டு, நிலவறையிலும் பின்னர்க் காவற்கூடத்து முற்றத்திலும் அடைக்கப்பட்டார். அப்பக்காரர் தெருவிலிருந்து நாளொன்றுக்கு ஓர் அப்பம் அவருக்கு வழங்கப்பட்டது.

அந்த முற்றத்திற்கு அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் வந்தான். ஆனதோத்திலுள்ள தன் காணியை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. எரேமியா பிறந்த ஊர். முன்னர் அவரைக் கொல்லச் சதிசெய்தோரும் அவ்வூராரே. அப்போதோ அது பபிலோனியர் சூழ்ந்த நிலப்பரப்பினுள் அகப்பட்டிருந்தது. விற்க முனைந்த அனாமெயேலின் நோக்கம் உயர்ந்ததென்று கொள்ளக் காரணமில்லை. பகைவன் காலடியிற் கிடக்கும் நிலத்தை வெள்ளியாக மாற்றிக்கொள்ள எண்ணியவன் புத்திசாலியே. ஆனால் அவன் சட்டத்தின்படி வந்தான். குடும்பக் காணி பிறர் கைக்குப் போகாதபடி நெருங்கிய உறவினன் மீட்டுக்கொள்ளும் உரிமை லேவியராகமத்திற் கூறப்பட்டுள்ளது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையும், காணி விற்போர் உறவினருக்கும் பங்குக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்று விதித்தமையால், இம்முறை யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது.

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. இன்றைய நிறையில் ஏறத்தாழ 190 கிராம். நாணயம் வழங்காத காலமாதலால் தராசில் நிறுத்துக் கொடுக்கப்பட்டது. உறுதி எழுதப்பட்டது, சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்டு மூடிய பிரதியொன்று, திறந்த பிரதியொன்று என அது இரண்டாக அமைந்தது. ஐயம் எழும்போது முத்திரையை உடைத்து மூடிய பிரதியோடு ஒப்புநோக்குவதற்கான ஏற்பாடு இது. இத்தகைய இரட்டை ஆவணங்கள் யூதேயப் பாலைவனக் குகைகளில் கி.பி. 2 ஆம் நூற்றாண்டுக்குரியனவாகக் கிடைத்துள்ளன. காவலர் முற்றத்தில் இருந்த அனைவரும் காண எழுத்தராகிய பாருக்கிடம் அவற்றை ஒப்படைத்து, நெடுநாள் நிலைக்கும்படி மட்பாண்டத்தில் இட்டுவைக்கச் சொன்னார். இந்நாட்டில் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் மீண்டும் விலைக்கு வாங்கப்படும் என்பதே அச்செயலின் பொருளாக அறிவிக்கப்பட்டது. காணிப் பத்திரத்தை நாம் ‘உறுதி’ என்று அழைக்கின்றோம். உறுதியாயிருத்தலைக் குறிக்கும் ‘ஆமன்’ என்ற வேர் அந்த அதிகாரத்தில் ஆவணத்தின் பெயராக வரவில்லை. எனினும் அதன் கருத்தை எழுத்திலும் முத்திரையிலும் வடித்ததற்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பதரிது.

இவ்வளவு காலமும் நகரம் அழியும் என்று கூறியவர் இவரே என்பதை மறத்தலாகாது. நகரம் தப்பும் என்று நம்பியோர், அறியக்கூடிய அளவில், எவரும் அந்நாட்களிற் காணி வாங்கியதாகப் பேச்சில்லை. அழிவை உறுதியாகக் கண்டவர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். அதுவும் அப்பம் தீர்ந்துகொண்டிருந்த நகரத்தில். மேலும், உறுதியை ஒப்படைத்த பின்னரே அவர் மன்றாடத் தொடங்குகின்றார். அம்மன்றாட்டின் முடிவு வியப்பும் கலக்கமும் கலந்தது. முற்றுகை மேடுகள் நகரத்தை எட்டிவிட்டன, நகரம் கைவிடப்பட்டுவிட்டது, நீரோ காணி வாங்கச் சொன்னீர் என்று அது நின்றுவிடுகின்றது. செயல் முந்தியது, விளக்கம் பிந்தியது. நம்பிக்கைக்கு இலக்கணம் எழுதுவோர் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர்.

இப்பகுதி பிற்காலத்தாரின் கைபட்டது என்பதையும் கூறவேண்டும். எரேமியா நூலின் கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தினும் கணிசமாகக் குறுகியது. அதிகார ஒழுங்கும் வேறு. எபிரேயத்தில் 32 ஆக உள்ள இவ்வதிகாரம் கிரேக்கத்தில் 39 ஆக அமைகின்றது. சாக்கடற் சுருள்களில் இருவகைப் பாடங்களுக்கும் எபிரேயச் சான்றுகள் கிடைத்துள்ளன. நீண்ட மன்றாட்டின் நடுப்பகுதி பின்னர் விரிக்கப்பட்டதெனப் பல அறிஞர் கருதுவதை ஏற்கலாம். ஆனால் பதினேழு சேக்கல், தராசு, சாட்சிகள், மட்பாண்டம் என்னும் விபரங்கள் உபதேசத்திற்காகப் புனையப்பட்டவைபோல் இல்லை. ஒரு கொடுக்கல் வாங்கலின் நினைவாகவே அவை தோன்றுகின்றன. பாருக்கின் பெயர் பொறித்ததாகக் காட்டப்பட்ட களிமண் முத்திரைகளின் உண்மைத்தன்மை ஐயத்துக்குள்ளாயிற்று. ஆகையால் அவற்றைச் சான்றாகக் கொள்ளேன். 1982 இல் எருசலேமின் தாவீது நகர்ப் பகுதியில் முறையான அகழாய்வில் ஏறத்தாழ 50 களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று சாப்பான் மகன் கெமரியா என்ற பெயருடையது. பாருக்கு எரேமியாவின் சுருளை வாசித்தது இப்பெயருடைய ஒருவரின் ஆலய அறையிலேயே. நகரத்தை எரித்த தீ ஆவணங்களை அழித்தது. அவற்றின் முத்திரைகளைச் சுட்டு நிலைபெறச் செய்தது.

இவ்வரலாற்றில், நம்பினமையாற் காக்கப்படுவாய் என்று தனிமனிதர் ஒருவருக்கு நேராக வாக்களிக்கப்படும் இடம் ஒன்றுண்டு. அவர் அரசருமல்லர், ஆசாரியருமல்லர், யூதருமல்லர். அரண்மனையிற் பணிசெய்த கூசு நாட்டவராகிய எபெத்மெலேக்கு. பிரபுக்கள் எரேமியாவைச் சேறு நிறைந்த கிடங்கில் இறக்கியபோது மன்னனிடம் துணிந்து பேசியவர் இவரே. கயிறு உடலை அறுக்காதபடி கந்தைத் துணிகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அவரை மேலே தூக்கியெடுத்தார். நகரம் வீழும், உன் உயிர் மட்டும் உனக்குக் கொள்ளைப்பொருளாகக் கிடைக்கும், ஏனெனில் நீ என்னை நம்பினாய் என்பதே அவருக்கு வந்த வாக்கின் கருத்து. வினை ‘பாத்தஹ்’. சீயோனின் பாடல்கள் மலையும் மதிலும் கோபுரமும் காட்டிய சொல்லுக்கு, இங்கே எரியும் நகரத்திலிருந்து தப்பிய ஓர் உயிரே பொருளாயிற்று. கந்தைத் துணிவரை எண்ணிப்பார்த்த அந்த அந்நியரின் நம்பிக்கையை ஆலய வாசலின் மும்முறை முழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நூலைத் தொகுத்தோர் நமக்கு வாய்ப்பளித்துள்ளனர்.

கி.மு. 587 இல், வேறு கணிப்பின்படி 586 இல், மதில் உடைந்தது, ஆலயம் எரிந்தது. புலம்பல் நூல் அவ்வழிவின் இலக்கியம். அதன் முதலிரண்டு பாடல்களும் நான்காவதும் எபிரேய அகரவரிசையில் எழுத்துக்கொன்றாக 22 வசனங்களில் அமைய, நடுப்பாடல் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம் கொண்டது. அந்த நடுவிலேதான் ‘திக்வா’ வருகின்றது. ஆனால் எரேமியாவின் கடிதத்தில் வாக்குறுதியாக வந்த அச்சொல், இங்கே ‘ஒருவேளை’ என்ற சொல்லின் பின்னால், வாய் புழுதியிற் படிந்தவனின் நினைவாக வருகின்றது. ஆலயத்தை நம்பியோர் பேச்சில் இந்த ‘ஒருவேளை’ இருந்ததில்லை. தோல்விக்குப் பின் பிறந்த சமயத்தில் அது நிலையான இடம்பெற்றது. அதனை நம்பிக்கைக் குறைவென்று கொள்வோர் இருக்கலாம். நூலைத் தொகுத்தோர் அவ்வாறு கொள்ளவில்லை.

எரேமியா தம் காணியை உழவில்லை. எஞ்சியோர் அவரது சொல்லைக் கேளாது எகிப்துக்குப் போனபோது அவரையும் பாருக்கையும் உடன் கொண்டுசென்றனர். தகபானேஸ் என்ற எல்லைப்புற நகரத்திலே அவர் பேசியவை எழுதப்பட்டுள்ளன. அவர் தாய்நாடு திரும்பியதாக எழுதப்படவில்லை. கி.மு. 539 இல் பாரசீக மன்னன் கோரேசு பபிலோனைக் கைப்பற்றினான். அதன்பின் யூதரிற் சிறுசிறு தொகுதியினர் திரும்பினர். 515 இல் இரண்டாம் ஆலயம் முடிவுற்றது. திரும்பியோரின் பட்டியல் எஸ்றாவின் நூலிலும் நெகேமியாவின் நூலிலும் உள்ளது. வாசிப்போர் வழக்கமாகத் தாண்டிச்செல்லும் வரண்ட பட்டியல் அது. எண்கள் பல இரண்டுக்குமிடையே ஒவ்வாதவை. ஆனதோத்தின் மனிதர் என்ற வரியில் இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றன. 128 பேர்.